சொல்வதற்கு ஆகும் விலை: மூடிய சமயக் குழுக்களில் பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகளுக்கு உள்ளிருந்தே துணை நிற்றல்

சமயக் குழு ஒன்றில் ஒரு பிள்ளை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரியவரும்போது, கேள்விப்பட்டவர்கள் முதலில் கேட்பது "ஏன் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் துணை நிற்க முயல்பவர், எவ்வளவு நல்ல மனம் உடையவராக இருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்கு மேலும் ஒரு சுமையாகிவிடக்கூடும். சொல்வதற்கு ஆகும் விலை அந்தப் பிள்ளையால் கொடுக்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கிறது என்பதே விடை. அந்த விலையை எப்படியாவது குறைப்பதைத்தான் துணை நிற்றல் என்று நான் புரிந்துகொள்கிறேன். சிங்கப்பூரில் வாழும் தமிழர் ஒருவர், தாமும் அதே குழுவைச் சேர்ந்தவராக இருந்துகொண்டே அதை எப்படிச் செய்யலாம் என்பதை, இதைப் பற்றி இதுவரை எதுவும் படித்திராதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

சமயக் குழு எப்போது மூடியதாகிறது?

நம்முடைய கோயில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் பெரும்பாலும் யாரும் வந்து போகக்கூடிய இடங்கள். வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்பவரிடம், அவர் எங்கே வேலை செய்கிறார், யாருக்கு உறவு என்று எவரும் கேட்பதில்லை. நான் பேசுவது வேறு வகையான குழுவைப் பற்றி. ஒரு குடும்பத்தின் வழிபாடு, நட்பு, பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு, வேலை, வாடகை வீடு, திருமணப் பேச்சு, இறுதிச் சடங்கில் தோள் கொடுக்க வருபவர்கள் ஆகிய எல்லாமே ஒரே வட்டத்துக்குள் அமைந்துவிட்டால், அந்த வட்டம் மூடியதாகிவிடுகிறது. அது வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டின் வரவேற்பறையில் கூடும் ஜெபக் குழுவாக இருக்கலாம். ஒரு குருவைச் சுற்றி அமைந்த பக்தர் குடும்பங்களாக இருக்கலாம். ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சேர்ந்து நடத்தும் சபையாகவும் இருக்கலாம். நம்பிக்கை எந்தச் சமயத்தைச் சேர்ந்தது என்பதால் இந்த வேறுபாடு வருவதில்லை.

இத்தகைய குழுக்களைப் பழிப்பது என் நோக்கமன்று. புதிதாக வந்து இறங்கிய குடும்பத்துக்கு அறை பார்த்துக் கொடுப்பவர்களும், பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியச் சாப்பாடு கொண்டுவருபவர்களும், வேலை போனவருக்கு அடுத்த வேலைக்குச் சொல்லி வைப்பவர்களும் அவர்களே. அந்த அன்பு உண்மையானது. அது உண்மையாக இருப்பதனால்தான் அதை இழப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பாருங்கள். அவளுக்குச் சமய வகுப்பு எடுக்கும், எல்லாரும் "அண்ணன்" என்று மதிக்கும் ஒருவர் அவளிடம் தவறாக நடக்கிறார். அவளுடைய அப்பாவுக்கு வேலை கொடுத்தவர் அந்தக் குழுவின் நிர்வாகத்தில் இருக்கிறார். அம்மா அங்கே பாட்டுக்குத் தலைமை தாங்குகிறார். அக்காவுக்கு அங்கேயே வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் வாய் திறந்தால் இவை அனைத்தும் ஆட்டம் காணும் என்பது அவளுக்குத் தெரியும். பெரியவர்கள் நினைப்பதைவிடப் பிள்ளைகள் இதைத் தெளிவாகவே கணக்கிடுகிறார்கள். "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவளுக்கு அந்த நாலு பேரின் முகங்களும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்குக் கடவுளைக் கும்பிடச் சொல்லிக்கொடுத்தவரே அவளைத் தொட்டவராகவும் இருக்கிறார். "சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று அவர் ஒருமுறை சொன்னாலே போதும், தான் போய் அழுது முறையிடக்கூடிய கடைசி இடமும் அவளுக்கு இல்லாமல் போய்விடும்.

இந்த வகைக் குற்றவாளிகள் பெரும்பாலும் பிள்ளையை நெருங்குவதற்கு முன் பெற்றோரின் நம்பிக்கையைப் பெறுகிறார்கள். வீட்டுக்கு வருவார்கள், பாடம் சொல்லிக்கொடுப்பார்கள், வகுப்பு முடிந்ததும் பிள்ளையைத் தம் காரிலேயே கொண்டுவந்து விடுவார்கள். இந்தப் பிள்ளைக்குத் தனி அருள் இருக்கிறது என்று அவர்கள் சொல்லும்போது குடும்பம் பெருமைப்படும். தொடுதல் சிறிது சிறிதாக, விளையாட்டுபோல, ஆசீர்வாதம்போலத் தொடங்கும். அது குற்றம் என்று பிள்ளைக்குப் புரிவதற்குள், தானும் அதற்கு உடந்தை என்ற எண்ணம் அதன் மனத்தில் ஊன்றப்பட்டுவிடும். ஆண் பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. தங்கள் ஆண்மை கேள்விக்குள்ளாகும், தங்களைக் கேலி செய்வார்கள் என்ற அச்சத்தால் அவர்களில் பலர் இன்னும் நெடுங்காலம் மௌனமாக இருந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில், நிறுவனங்களில் பிள்ளைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளைப் பற்றி 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணைய விசாரணையில் 8,000க்கும் மேற்பட்டவர்கள் தனி அமர்வுகளில் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னார்கள். நடந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்வதற்கே அவர்களுக்குச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன.

முதன்முறை கேட்பவர் நீங்களாக இருந்தால்

பிள்ளைகள் உட்கார்ந்து முழுக் கதையையும் சொல்வது அரிது. "எனக்கு அந்த வகுப்புக்குப் போகப் பிடிக்கலை அத்தை" என்று தொடங்கி, உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அதிர்ந்தாலோ, "அவரைப் பற்றி அப்படிப் பேசாதே, பாவம்" என்றாலோ அங்கேயே நிறுத்திவிடுவார்கள். மறுபடி வாய் திறக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆகவே அந்த நேரத்தில் உங்கள் வேலை மிகச் சிறியது, ஆனால் மாற்றிச் செய்ய முடியாதது. அமைதியாகக் கேளுங்கள். "நீ சொல்றதை நான் நம்புறேன். இதுல உன் தப்பு எதுவும் இல்லை. என்கிட்ட சொன்னது நல்லது" என்ற மூன்று வாக்கியங்களுக்குமேல் பெரிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். அந்த வாக்கை நீங்கள் காப்பாற்ற முடியாது. பிறகு அதை மீறும்போது, பெரியவர்கள் எல்லாரும் ஏமாற்றுபவர்களே என்று பிள்ளை முடிவு செய்துவிடும். மாறாக, "உன்னைப் பாதுகாக்க யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், அதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்வது விலையைக் குறைக்கிறது, ஏனென்றால் தன் கதை இனி யார் யார் காதுக்குப் போகும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

துருவித் துருவிக் கேட்காதீர்கள். "அங்கே தொட்டாரா, இங்கே தொட்டாரா" என்று நீங்களே விடையை எடுத்துக்கொடுத்துக் கேட்டால், பின்னர் நீதிமன்றத்தில் அந்தச் சாட்சியம் பிள்ளையின் வாயில் திணிக்கப்பட்டது என்று எதிர்த்தரப்பு வாதிட இடமுண்டாகும். பிள்ளை சொன்ன சொற்களை, கொச்சையாக இருந்தாலும் அப்படியே, நாளும் நேரமும் குறித்து அன்றைக்கே எழுதி வையுங்கள். சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் குளிப்பாட்டுவதற்கோ துணியைத் துவைப்பதற்கோ முன்பு, கூடுமான விரைவில், 72 மணி நேரத்துக்குள்ளாவது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நல்லது. தடயங்களுக்காக மட்டுமல்லாமல், தொற்றைத் தடுக்கும் மருந்துகளுக்கும் அந்தக் கால எல்லை உண்டு. சிங்கப்பூரில் பிள்ளைகளின் சில வழக்குகளில் காவல்துறையும் சிறுவர் பாதுகாப்புச் சேவையும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் வல்லுநர்களும் ஒன்றாக அமர்ந்து ஒரே நேர்காணலில் விவரம் கேட்கும் முறை இருக்கிறது. பிள்ளை அதே கதையை ஐந்து இடங்களில் சொல்ல நேரக்கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுவது நீங்கள் பிள்ளைக்குச் செய்யும் பெரிய உதவி.

சில நாள் கழித்துப் பிள்ளை, "நான் சும்மா சொன்னேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை" என்று பின்வாங்கலாம். வீட்டில் அம்மா அழுதிருப்பார், அப்பா பேசாமல் இருந்திருப்பார்; விலை எவ்வளவு என்பது அப்போதுதான் பிள்ளைக்கு முழுமையாகத் தெரிந்திருக்கும். பின்வாங்குவது பொய் சொன்னதற்கு அடையாளம் ஆகாது. இதைத் தெரியாத காரணத்தினால் எத்தனையோ குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, பிள்ளையை அதே வகுப்புக்கு மறுபடியும் அனுப்பியிருக்கின்றன.

"நாமே விசாரித்துக்கொள்ளலாம்" என்பது ஏன் கூடாது

மூடிய குழுக்களில் அடுத்து நடப்பது பெரும்பாலும் இதுதான்: மூத்தவர்கள் நால்வர் கூடுகிறார்கள், குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துக் கேட்கிறார்கள், பிள்ளையை அவர் எதிரில் நிறுத்துகிறார்கள், அவர் மறுக்கிறார் அல்லது அழுகிறார், ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. இதைச் செய்பவர்கள் எல்லாரும் குற்றத்தை மறைக்க நினைப்பவர்கள் அல்லர். குடும்ப விஷயம் வீட்டுக்குள்ளேயே தீர்ந்துவிட்டால் பிள்ளைக்கும் நல்லது என்று மெய்யாகவே நம்புபவர்கள் பலர். ஆனால் விளைவு ஒன்றுதான். குற்றம் சாட்டப்பட்டவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்துவிடுகிறது. கைப்பேசியில் இருப்பதை அழிக்கவும், மற்றப் பிள்ளைகளை மிரட்டவும் அவருக்கு நேரம் கிடைக்கிறது. பிள்ளைக்கோ, தன்னைத் துன்புறுத்தியவரின் கண்முன்னால் பேச வேண்டிய கொடுமை நேர்கிறது. விசாரிப்பவர்களில் ஒருவர் அவருடைய மைத்துனராகவோ, அவருடைய நன்கொடையில் கட்டிய மண்டபத்துக்குப் பொறுப்பாளராகவோ இருப்பார்.

முன்னர்க் குறிப்பிட்ட ஆஸ்திரேலிய ஆணையத்தின் விசாரணைகளில் ஒன்று இதை அப்பட்டமாகக் காட்டியது. அந்நாட்டில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1950 முதல் தன்னுடைய கோப்புகளில் 1,006 பேர்மீது குழந்தைப் பாலியல் கொடுமைக் குற்றச்சாட்டுகளைப் பதிந்து வைத்திருந்தது. அவற்றுள் ஒன்றைக்கூட அந்த அமைப்பு காவல்துறையிடம் தெரிவித்திருக்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர்மீது நடவடிக்கை எடுக்க இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது அவர்களுடைய சமய விதி. பூட்டிய அறையில் நடக்கும் குற்றத்துக்கு இரண்டாவது சாட்சி எங்கிருந்து வருவார்? அதே ஆணையத்தின் விசாரணைகளில் கத்தோலிக்கத் திருச்சபை, ஆங்கிலிக்கன் சபை, யூத சமயப் பள்ளிகள், ஒரு யோக ஆசிரமம் ஆகியவையும் இடம்பெற்றன. எந்தச் சமயத்துக்கும் உரிய தனிக் கோளாறு இது என்று யாரும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

குழுவின் நிர்வாகத்துக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று பொருளில்லை. குற்றம் சாட்டப்பட்டவரைப் பிள்ளைகளோடு தொடர்புள்ள எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் அன்றைக்கே விலக்கி வைப்பது அவர்களால் முடியும். வருகைப் பதிவுகள், கேமராப் பதிவுகள், குறுஞ்செய்திகள் முதலியவற்றை அழியாமல் பாதுகாத்து அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். பிள்ளையின் குடும்பத்தை யாரும் ஒதுக்கி வைக்கக்கூடாது என்று வெளிப்படையாக அறிவிக்கலாம். குற்றம் நடந்ததா இல்லையா என்று தீர்மானிக்கும் வேலை மட்டும் அவர்களுடையதன்று. நீங்கள் அந்தக் குழுவில் மதிப்புள்ளவராக இருந்தால், உங்கள் குரலை இந்த ஒரு வரம்பைக் காப்பதற்குச் செலவிடுங்கள். வேறு எந்தப் பேருதவியையும்விட இது பெரியது.

சட்டம் விலையை எங்கே குறைக்கிறது

காவல்துறைக்குப் போனால் பெயர் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்பதுதான் நம்மவர்களிடம் நான் அதிகம் கேட்கும் அச்சம். உண்மையில் சிங்கப்பூர்ச் சட்டம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவர் என்று காவல்துறையில் புகார் பதிவானதிலிருந்தே, அவருடைய அடையாளத்தை வெளியிடுவது குற்றம். 2018-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் இதை உறுதிப்படுத்தின. பாதிக்கப்பட்டவர் சாட்சி சொல்லும்போது நீதிமன்றத்துக்குள் பொதுமக்களை அனுமதிப்பதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்க்காமல் திரைக்குப் பின்னாலிருந்து பேசவும் வழியுண்டு. ஆகவே குழுவின் வாட்ஸ்அப்பில் "இந்தப் பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று பெயரைப் போட்டுச் செய்தி அனுப்புபவர், நல்லெண்ணத்தோடு அனுப்பினாலும், சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்ளக்கூடும். மானம் போகும் என்று அஞ்சும் குடும்பத்துக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்: குழுவின் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னிலையில் நடக்கும் பஞ்சாயத்தைவிட நீதிமன்றத்தில் பிள்ளையின் பெயர் பத்திரமாக இருக்கிறது.

பதினாறு வயதுக்குட்பட்டவரோடு பாலுறவு கொள்வது, அவர் சம்மதித்தார் என்று சொன்னாலும், குற்றமே. பதினாறு, பதினேழு வயதினர் தொடர்பில் 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த தண்டனைச் சட்டத் திருத்தம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பதவியையும் நம்பிக்கையையும் பயன்படுத்தி இளையரைச் சுரண்டும் உறவுகளை அது வரையறுக்கிறது. பெற்றோர், பள்ளி ஆசிரியர் ஆகியோரோடு, சமயம், விளையாட்டு, இசை போன்றவற்றைக் கற்பிப்பதன் வழியாக உண்டான உறவையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. "இருவரும் விரும்பித்தானே பழகினார்கள்" என்று குழுவில் யாராவது பேசினால், சமய ஆசிரியர் விஷயத்தில் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை என்பதை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

காலம் கடந்துவிட்டது என்று எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. சிங்கப்பூரில் குற்ற வழக்குத் தொடரக் கால வரம்பு கிடையாது. 2022-இல் கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றைச் சேர்ந்த ஒருவருக்கு, 2000களின் நடுப்பகுதியில் பதின்ம வயது மாணவர் இருவரிடம் புரிந்த குற்றங்களுக்காக, ஐந்து ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பது இன்றுவரை பொதுவெளியில் தெரியாது.

சிறுவர், இளையர் சட்டத்தின் பாதுகாப்பு 2020 ஜூலை முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது என்று ஐயப்பட்டு நல்லெண்ணத்தோடு தகவல் தருபவரை, அவதூறு வழக்கு போன்றவற்றிலிருந்து சட்டம் காக்கிறது. உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நியாயமான ஐயமே போதும். மறுபுறம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 424-ஆம் பிரிவு, அது பட்டியலிடும் சில கடுமையான குற்றங்களைப் பற்றித் தெரிந்தவர், தக்க காரணமின்றி அதைக் காவல்துறையிடம் தெரிவிக்காமல் இருக்கக்கூடாது என்கிறது. அறிந்தும் வாளாவிருக்கும் மூத்தவர்களுக்கு இதை நினைவூட்டுவதில் தவறில்லை.

பிள்ளை அந்த நேரத்தில் ஆபத்தில் இருந்தால் 999-ஐ அழையுங்கள். மற்றபடி, தேசிய வன்முறை, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு உதவித் தொலைபேசி எண் 1800-777-0000 நாள் முழுவதும் செயல்படுகிறது. என்ன செய்வது என்று தெரியாத நிலையில் ஆலோசனை கேட்பதற்கும் அதை அழைக்கலாம். தொடக்கப்பள்ளிப் பிள்ளை தானாகவே யாரிடமாவது பேச விரும்பினால், சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம் 1984 முதல் நடத்திவரும் டிங்கிள் ஃப்ரெண்ட் என்ற உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. குடும்பத்தாருக்கு ஆங்கிலம் சரளமாக வராவிட்டால், அதே குழுவைச் சேர்ந்த ஒருவரை மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்லாமல், அதிகாரிகளிடமே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். நம் தமிழ்ச் சமூகம் சிறியது; வந்திருப்பவரைக் குடும்பத்துக்கு முன்பே தெரியும் என்றால், வேறொருவர் வேண்டும் என்று சொல்வதற்குத் தயங்க வேண்டாம். குடும்பம் வேலை அனுமதியிலோ சார்ந்திருப்போர் அட்டையிலோ இருக்கிறது என்பதும் புகார் கொடுக்காமல் இருப்பதற்குக் காரணமாகாது.

மன்னிப்பும் வழிபாடும்

வெளியில் இருக்கும் ஆலோசகர்களுக்கு எளிதில் புரியாததும், உள்ளிருக்கும் உங்களால் மட்டுமே செய்யக்கூடியதும் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. மூடிய குழுவில் பாதிக்கப்பட்ட பிள்ளைமீது சுமத்தப்படும் மிகப் பெரிய சுமை மன்னிப்பு. "அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டார், நீயும் மன்னித்துவிடு" என்கிறார்கள். "மன்னிக்காதவரின் ஜெபத்தைக் கர்த்தர் கேட்க மாட்டார்" என்கிறார்கள். "போன ஜென்மத்துக் கர்ம வினை, இதோடு கழிந்தது" என்கிறார்கள். "அடக்கமாக இருந்தால் அல்லாஹ் அதற்குக் கூலி தருவான்" என்கிறார்கள். சமயத்துக்குச் சமயம் சொற்கள் வேறு. பிள்ளையின் காதில் விழுவது ஒன்றே: நடந்த குற்றத்தைவிட உன் மனத்தாங்கல்தான் இப்போது எங்களுக்குப் பிரச்சினை.

மன்னிப்பு உயர்ந்த பண்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது பாதிக்கப்பட்டவருக்கு மட்டுமே உரியது. அவர் வளர்ந்து, மனம் தேறி, தாமாகவே ஒருநாள் அதைத் தரலாம், தராமலும் இருக்கலாம். வேறு யாரும் அவர் சார்பில் அதை வழங்க முடியாது. கெடு வைத்துக் கேட்கவும் முடியாது. ஒருவரை மன்னிப்பதும், அவர்மீது புகார் கொடுப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையும் அல்ல. குற்றவாளி மெய்யாகவே மனம் திருந்தியிருந்தால், அவர் செய்ய வேண்டியது தாமே காவல் நிலையத்துக்குச் சென்று நடந்ததைச் சொல்வது. பிள்ளையின் காலில் விழுவதன்று. இந்த வாதத்தை உங்கள் குழுவின் மொழியில், உங்கள் வேதத்தின் சொற்களில், உங்கள் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்ல உங்களால் முடியும். ஒரு சமூக ஊழியர் சொன்னால் வெளியாள் பேச்சு என்று தள்ளிவிடுபவர்கள், கூடவே அமர்ந்து வழிபடும் ஒருவர் சொன்னால் கொஞ்சமாவது காது கொடுப்பார்கள்.

வழிபாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு ஒரு குறிப்பிட்ட பாட்டோ, சாம்பிராணி மணமோ, தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கும் செயலோ அந்த நாளை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிடலாம். "கோயிலுக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று இழுத்து வருவது அவருக்குச் செய்யும் இன்னொரு தீங்கு. சிலர் விலகிப் போவார்கள். சிலர் கடவுளிடமே கோபம் கொள்வார்கள். இறைவனோடு வழக்காடிய அடியார்களைக் கொண்ட மரபுகளில் பிறந்த நமக்கு அந்தக் கோபம் அதிர்ச்சி தர வேண்டியதில்லை. வேறு சிலர் எப்படியாவது தங்கள் வழிபாட்டை மீட்டுக்கொள்ள விரும்புவார்கள். அவர்களுக்கு, கூட்டமில்லாத நேரத்தில் கூட வருவது, தீவின் வேறு பகுதியிலுள்ள ஓர் ஆலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ அழைத்துச் செல்வது, வாசலுக்கு அருகில் எழுந்து போக எளிதான இடத்தில் பக்கத்தில் அமர்வது போன்ற சிறிய உதவிகள் பெரிதாகத் தெரியும்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவர் பிணையில் வெளியே வந்து வழக்கம்போல முன்வரிசையில் அமர்ந்தால் என்ன செய்வது? பெரும்பாலான இடங்களில் பிள்ளையின் குடும்பம்தான் சத்தமில்லாமல் வராமல் நின்றுவிடுகிறது. விலக வேண்டியவர் அவர் என்று நிர்வாகத்திடம் கேளுங்கள், எழுத்து மூலமாகவே கேளுங்கள். வழக்கில் தீர்ப்பு வரும்வரை அவர் குற்றவாளி அல்லர் என்பது உண்மை. அதற்காக அவர் அந்த இடத்தில்தான் வழிபட வேண்டும் என்ற உரிமை எதுவும் இல்லை. பாதுகாப்பான தொலைவில் அவருக்கு வேறு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தால் முடியாத காரியமன்று.

தாய்க்கும் ஒருவர் வேண்டும்

பிள்ளையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும்போது அந்தத் தாயை நாம் மறந்துவிடுகிறோம், அல்லது "பெற்றவளுக்குத் தெரியாமலா நடந்திருக்கும்" என்று அவர்மீதே பழியைப் போடுகிறோம். தாம் பத்து ஆண்டுகளாகக் கும்பிட்ட ஒருவர் இப்படிச் செய்தார் என்பதை ஏற்றுக்கொள்ள, தம் வாழ்க்கையின் பாதியை அவர் அழித்து எழுத வேண்டியிருக்கும். முதல் சில நாள் அவர் பிள்ளையை நம்பாமல் இருப்பதும், நம்பியும் வெளியில் சொல்லத் தயங்குவதும் நடக்கும். தம்மை நம்பி ஆதரிக்கும் பெற்றோர் ஒருவர் இருப்பது பிள்ளை மீண்டு வருவதற்குப் பெரிய துணை என்பதால், தாயின் அச்சத்தைக் குறைப்பது பிள்ளைக்குச் செய்யும் நேரடி உதவியே ஆகும். அந்த அச்சம் பெரும்பாலும் நடைமுறை சார்ந்தது: கணவரின் வேலை, வாடகை, இளையவனைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது, மூத்தவளின் சம்பந்தம். புகார் கொடுத்த வாரத்தில் அந்த வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள், இளையவனைப் பார்த்துக்கொள்ளுங்கள், கணவருக்குக் குழுவுக்கு வெளியே வேலை தேட உதவுங்கள். சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவோ அருகிலுள்ள குடும்ப சேவை நிலையமோ பணம், ஆலோசனை ஆகியவற்றில் உதவக்கூடும். மோன்ட்ஃபர்ட் கேர் நடத்தும் பிக் லவ், ஃபெய் யூ நடத்தும் ஹார்ட், பேவ் ஆகியவை பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் உதவுவதில் தேர்ச்சி பெற்ற அமைப்புகள்; அவற்றில் பணியாற்றுவோர் உங்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள் என்பது இங்கே ஒரு வசதி.

வளர்ந்த பிறகு சொல்பவர்கள்

முப்பது, நாற்பது வயதில் ஒருவர் உங்களிடம் வந்து, சிறுவயதில் தமக்கு நேர்ந்ததைச் சொன்னால், நிலைமை வேறு. பிள்ளை விஷயத்தில் பெரியவர்கள் முடிவெடுக்க வேண்டும். இவர் விஷயத்தில் முடிவு இவருடையது. இவரிடமிருந்து அன்று பறிக்கப்பட்டது தம் உடல்மீதும் வாழ்க்கைமீதும் இருந்த அதிகாரம். ஆகவே புகார் கொடு, வெளியேறு, மன்னி, மறந்துவிடு என்று எந்தத் திசையிலும் தள்ளாதீர்கள். பெண்களுக்கு, மகளிர் உரிமைக்காகச் செயல்படும் அவேர் அமைப்பின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையம் புகார் கொடுப்பதற்கு முன்பே ஆலோசனை தருகிறது. காவல் நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் கூட வருகிறது. குழுவை விட்டு விலக அவர் முடிவு செய்தால், ஞாயிற்றுக்கிழமைகளும் பண்டிகைகளும் திடீரென்று வெறுமையாகிவிடும். அந்த நாள்களில் அவரைச் சாப்பிட அழையுங்கள். விலகியவரோடு பேசக்கூடாது என்று உங்கள் குழுவில் சொல்லப்பட்டாலும் பேசுங்கள். அதனால் உங்களுக்கும் இழப்பு வரலாம் என்பதை முன்பே எண்ணிப் பார்த்து, நீங்கள் மனம் விட்டுப் பேசுவதற்கும் குழுவுக்கு வெளியே ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் மிகக் கடினமான சூழல் ஒன்று உண்டு. அவர் புகார் கொடுக்க விரும்பவில்லை. ஆனால் அவரைத் துன்புறுத்தியவர் இன்றும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே அவருடைய விருப்பத்தை மதிப்பதற்கும், இன்றைய பிள்ளைகளைக் காப்பதற்கும் இடையே உண்மையான முரண்பாடு இருக்கிறது. என் கருத்து இது: இன்று ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் மௌனமாக இருக்கலாகாது, அதே வேளையில், அவருக்குத் தெரியாமலும் ஒரு படி எடுத்து வைக்கலாகாது. முதலில் அவரிடமே அதைச் சொல்லுங்கள்: அந்த மனிதரிடம் இப்போது பிள்ளைகள் படிக்கிறார்கள், ஆகவே நான் உதவித் தொலைபேசியை அழைத்து ஆலோசனை கேட்கப் போகிறேன், உங்கள் பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை நீங்கள் சொல்லுங்கள் என்று. அவர் கோபப்படலாம், சில மாதங்கள் உங்களோடு பேசாமலும் இருக்கலாம். எந்த நாளில் அழைக்கப்போகிறீர்கள், என்ன சொல்லப்போகிறீர்கள், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்குத் தெரிவித்துக்கொண்டே இருங்கள். அவர் பதில் எழுதாவிட்டாலும் தெரிவியுங்கள். பின்னாளில் அவரே முன்வந்து சாட்சி சொல்ல விரும்பினால், நீங்கள் அன்றைக்கே தேதியிட்டு எழுதி வைத்த குறிப்பு அவருடைய சொல்லுக்குத் துணையாக இருக்கும்.